கடல் கடந்த உயில்
கரோலின் ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் அம்மையார் வரலாறு

வாழுங்காலத்தில் வழங்குவோர் பலர். தாம் மறைந்த பின்னும் முன்பின் அறியாத மக்களின் பிள்ளைகள் கல்வி பெற வழிவகுத்துச் செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கப் பெண்மணி கரோலின் ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் அம்மையார். கல்வியையே உயிர்மூச்சாகக் கொண்ட நமது சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வரலாற்றை எழுதுவது பொருத்தமுடைத்து எனக் கருதுகிறோம்.

அம்மையார் 1854ஆம் ஆண்டு நியூயார்க் மாநகரில் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஆன்சன் ஃபெல்ப்ஸ், அமெரிக்கப் பருத்தியை இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கிருந்து தகரமும் பிற உலோகங்களும் தருவித்து விற்ற பெருவணிகர். அந்நாளில் தென் மாநிலங்களின் பருத்தி அடிமைகளின் வியர்வையில் விளைந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. அப்பாட்டனாரே, அமெரிக்கக் கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் குடியேற்றும் இயக்கத்துக்குத் துணை நின்றவருமாவார். ஆகவே ஆப்பிரிக்கா என்னும் பெயர் அம்மையாரின் இல்லத்துக்குப் புதியதன்று.

அம்மையாரும், ஏழாண்டு மூத்தவரான தமக்கையார் ஒலிவியாவும் மணம் புரியாது ஒன்றாகவே வாழ்ந்தனர். அறப்பணிகளையும் இணைந்தே ஆற்றினர். அடிமையாகப் பிறந்து ஆசானாக உயர்ந்த புக்கர் வாஷிங்டன் 1881இல் தொடங்கிய டஸ்கீகிக் கல்வி நிலையத்துக்குக் கட்டடங்கள் பல எழுப்பித் தந்தனர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1907இல் திறக்கப்பெற்ற தூய பவுல் வழிபாட்டு மண்டபமும் அவ்விருவர் கொடையே. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் பயின்றது அப்பல்கலைக் கழகத்தில்தான் என்பதை எண்ணுங்கால், அம்மண்டபம் நமக்கும் அயலதன்று எனத் தோன்றுகிறது.

1909ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்து ரெட்லண்ட்ஸ் நகரில் அம்மையார் மறைந்தார். அவருடைய உயில் ஏறத்தாழப் பத்து இலட்சம் டாலரை அறநிதியாக்கியது. முதலைக் காத்து, அதன் வட்டியையும் வருவாயையும் கொண்டே பணி நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நியூயார்க் ஏழைகளுக்கான வீடுகள், அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள கறுப்பின மக்களின் கல்வி, அமெரிக்கப் பழங்குடியினர் கல்வி, வறிய வெள்ளை மாணவர் கல்வி ஆகியன அதன் நோக்கங்கள். 1911இல் ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் நிதி என்னும் அமைப்பு சட்டப்படி நிறுவப்பட்டது.

உயிலில் இடம்பெற்ற ஆப்பிரிக்கா என்ற ஒரு சொல்லே பின்னர்ப் பெரும்பணிக்கு வித்தாயிற்று. 1920இலும் 1924இலும் அந்நிதி இரு கல்விக் குழுக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவ்விரண்டிலும் இடம்பெற்ற ஒரே ஆப்பிரிக்கர், கோல்டு கோஸ்ட் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் கற்றுத் தேர்ந்த ஜேம்ஸ் அக்ரி என்னும் பேரறிஞர். அவர் தாயகம் திரும்பி, 1927இல் திறப்பு விழாக் கண்ட அச்சிமோட்டாக் கல்லூரியை உருவாக்கியோருள் ஒருவரானார். அதே ஆண்டில் மறைந்தார். அவரால் ஊக்கம் பெற்ற ஆசிரியப் பயிற்சி மாணவருள் ஒருவரே, 1957இல் அந்நாட்டைக் கானா என்னும் பெயரில் விடுதலை பெறச் செய்த குவாமே நிக்ரூமா. லைபீரியாவின் ககாட்டா ஊரில் 1929இல் புக்கர் வாஷிங்டன் பெயரால் தொழிற்கல்வி நிலையம் எழுந்தது. 1927இல் மறைந்த தமக்கையார் ஒலிவியா விட்டுச்சென்ற கொடையும் அதற்குத் துணையாயிற்று.

இவ்வறத்தின் மற்றொரு பக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. நிதியின் கல்விப் பொறுப்பாளராக விளங்கியவர் தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் என்னும் வெள்ளையர். 1917இல் வெளிவந்த அவருடைய ஆய்வறிக்கை, கறுப்பின மக்களுக்கு உழவும் கைத்தொழிலும் சார்ந்த கல்வியையே பெரிதும் வற்புறுத்தியது. ஆப்பிரிக்க அறிக்கைகளும் அவ்வழியே நடந்தன. கறுப்பினப் பேரறிஞர் டூபாய்ஸ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஓரினத்துக்கு உயர்கல்வியின் கதவை அடைத்துவிட்டுத் தொழிற்கல்வியை மட்டும் திறந்து வைப்பது, அவ்வினத்தை என்றும் பிறருக்குக் கீழேயே வைப்பதாகும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் வலிமையை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. நாம் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய நாளில், நம்பால் அன்புடைய பெரியவர் ஒருவர், உன் குடும்பத்துக்குத் தச்சு வேலை போதுமே, கல்லூரி எதற்கு என்று அறிவுரை கூறினார். அவர் தீயவர் அல்லர். நமக்குப் பாடநூல் வாங்கித் தந்தவரும் அவரே. ஆனால் நாம் எவ்வளவு உயரலாம் என்பதை அவரே அளந்து வைத்திருந்தார். கைத்தொழில் இழிவானதன்று, எதைக் கற்பது என்பதைக் கற்பவன் தேர்ந்துகொள்ள இயலாமையே இழிவாகும்.

அம்மையாரின் நிதியும் காலப்போக்கில் இவ்வுண்மையை உணர்ந்தது. 1946இல் சானிங் டோபியாஸ் என்னும் கறுப்பினப் பெருந்தகை அதன் இயக்குநரானார். அவரையடுத்து 1953இல், டஸ்கீகியின் தலைவராக விளங்கிய ஃபிரடெரிக் பேட்டர்சன் பொறுப்பேற்றார். நிதி நிறுவப்பட்டு 35 ஆண்டுகள் கழிந்த பின்னரே, யாருக்காக அது அமைந்ததோ அவர்தம் கைக்கு அதன் பொறுப்பு வந்தது.

பிள்ளைப்பேறு இல்லாத அம்மையார், வேறொரு கண்டத்துப் பிள்ளைகளையும் எண்ணி உயில் எழுதினார். அதற்காக அவரை வணங்குவோம். அத்துடன், கொடுப்போர் கை நீளும்போது பெறுவோர் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும் என்னும் பாடத்தையும் ஏற்போம். நம்முள் உத்தியோகம் பெற்று உயர்ந்தோர், தம் உயிலில் ஒரு சிறு பங்கையேனும் நம் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதி வைப்பாராக! அப்படிப்பு எதுவாக இருக்க வேண்டும் என்பதை அப்பிள்ளைகளே தேர்ந்துகொள்ளவும் இடம் வைப்பாராக!