எட்டு ஆண்டு காத்திருந்த ராணி

கணவன் இறந்தால் அவனுடைய சிதையிலேயே மனைவியும் ஏறிவிட வேண்டும் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அரச குடும்பங்களில் இந்தக் கொடுமை இன்னும் அதிகம். 1710-ம் ஆண்டில் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலமானார். அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று வரலாறு கூறுகிறது.

நாற்பத்தேழு பேர்!

அது நடந்து 20 ஆண்டுகள் சென்றபின், அதே சேதுபதி குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் வேலு நாச்சியார்.

ஆண் பிள்ளை போல...

வேலு நாச்சியார் பிறந்தது 1730-ம் ஆண்டு. தந்தை செல்லமுத்து சேதுபதி. தாய் சக்கந்தி முத்தாத்தாள். அவர்களுக்கு இவர் ஒரே பிள்ளை. ஆண் வாரிசு இல்லையே என்று பெற்றோர் முடங்கிவிடவில்லை. மகளையே மகன் போல வளர்த்தார்கள். குதிரை ஏற்றம், வாள் வீச்சு, சிலம்பம், வளரி எறிதல் எல்லாம் கற்றுக்கொண்டார். மறவர் சீமைக்கே உரிய ஆயுதம் வளரி. பிறை போல வளைந்திருக்கும். ஓடுகிறவனைத் தொலைவில் இருந்தே வீழ்த்தும்.

தமிழோடு உருது, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளும் அவருக்குத் தெரியும் என்பார்கள். அந்த உருது பின்னால் எங்கே கைகொடுத்தது என்பதைப் பார்ப்போம்.

1746-ம் ஆண்டு, 16 வயதில் திருமணம். மாப்பிள்ளை, சிவகங்கைச் சீமையின் இளவரசர் முத்து வடுகநாதர். சிவகங்கை ஒன்றும் அந்நியச் சீமை அல்ல. சேதுபதி சீமையை ஐந்து பங்காக்கி, அதில் இரண்டு பங்கைப் பிரித்துக் கொடுத்து உண்டானதுதான் அது. இராமநாதபுரத்தில் புறப்பட்டு, பரமக்குடியில் வைகையைக் கடந்து, இளையான்குடி வழியாகப் போனால் சிவகங்கை வந்துவிடும். ஒரே வீட்டின் இரண்டு கட்டுகள் போலத்தான் இரு சீமைகளும் இருந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்த வீடு. அந்தப் பக்கம் புகுந்த வீடு.

1750-ல் முத்து வடுகநாதர் பட்டத்துக்கு வந்தார். வேலு நாச்சியார் ராணி ஆனார். வெள்ளச்சி என்று ஒரு மகள் பிறந்தாள்.

ஒரே மாதத்தில்!

அப்போது ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, தென்சீமைப் பாளையங்கள் எல்லாம் தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்றார். அவருக்குப் பக்கபலம் கும்பினியாரின் பீரங்கிகள். கும்பினியாரிடம் நவாப் பெருங்கடன் பட்டிருந்தார். அந்தக் கடனுக்காக, இங்கே பனைமரத்தையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழ்ந்த குடிகள் கப்பம் கட்ட வேண்டியிருந்தது.

1772-ம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் இராமநாதபுரம் கோட்டை விழுந்தது. சிறுவனான சேதுபதி மன்னரையும் அவருடைய தாயாரையும் கைது செய்து, திருச்சிக்குக் கொண்டு போனார்கள். அடுத்த குறி சிவகங்கை. கிழக்கே இருந்து ஸ்மித் படை வந்தது. மேற்கே இருந்து பான்ஜோர் படை வந்தது. ஜூன் 25-ந் தேதி காளையார்கோவிலில் சண்டை நடந்தது. முத்து வடுகநாதர் அங்கே பிணமாகச் சாய்ந்தார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அவரோடு மாண்டார் என்பர்.

ஒரே மாதத்தில் வேலு நாச்சியாருக்குப் பிறந்த வீடும் போயிற்று, புகுந்த வீடும் போயிற்று, கணவரும் போனார். அவருக்கு அப்போது வயது 42.

சாவதா, வாழ்வதா?

உடன்கட்டை ஏறத்தான் ராணி முதலில் எண்ணினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். புகழ்ந்திருப்பார்கள், ஒரு கல்லும் நட்டு, பூப்போட்டுக் கும்பிட்டிருப்பார்கள். தென்னிந்தியாவில் உடன்கட்டைக்குச் சட்டத்தடை வந்தது 1830-ல்தான்.

தடுத்தவர்கள் அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும். ராணியும் இறந்தால் வெள்ளச்சிக்கு யார்? சீமைக்கு யார்? ராணி சாகவில்லை. வாழ்வது என்று முடிவு செய்தார். அந்தக் காலத்தில் அரச குலத்து விதவை இப்படி முடிவு செய்வது, வாளெடுத்துப் போருக்குப் போவதைவிடப் பெரிய துணிச்சல்.

மகளை அழைத்துக்கொண்டு தப்பினார். எதிரிகள் துரத்தினார்கள். ராணி போன வழியைக் காட்ட மறுத்ததற்காக உடையாள் என்ற பெண் வெட்டுண்டு மாண்டாள் என்பது இந்தச் சீமை மக்கள் இன்றும் சொல்லும் செய்தி. கொல்லங்குடி பக்கம் அரியாக்குறிச்சியில் இருக்கும் வெட்டுடையார் காளி கோவிலோடு அவள் பெயரைச் சேர்த்துப் பேசுவார்கள்.

விருப்பாட்சி

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் பாதையில், மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் விருப்பாட்சி. சந்தைக்கு வரும் விருப்பாட்சி மலைவாழைப்பழத்தை அறியாதவர் உண்டா? அந்த ஊரில்தான் ராணி அடைக்கலம் புகுந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். கொடுத்தால் நவாபின் பகை வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்.

வேலு நாச்சியார் கதையைச் சொல்கிறவர்கள், இங்கிருந்து ஒரே தாவலில் சிவகங்கைக் கோட்டைக்குப் போய்விடுவார்கள். குதிரை, வாள், வெற்றி! ஆனால் நடுவிலே எட்டு ஆண்டுகள் கிடக்கின்றன. எட்டு ஆண்டு என்றால் எட்டு பொங்கல். எட்டு முறை கணவரின் திதி. வெள்ளைச் சேலையோடு, அடுத்தவர் ஊரில், அடுத்தவர் சோற்றில் ஓர் அரசி காலம் கழிக்க வேண்டும். சிவகங்கையில் நவாபின் ஆட்கள் வரி வாங்குகிறார்கள். ஊரின் பெயரையே ஹுசேன் நகர் என்று மாற்றிவிட்டார்கள். இந்தச் செய்திகள் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அழுதிருப்பார். அழாமல் எப்படி? ஆனால் அழுகையோடு வேலையும் நடந்தது. அந்த ஆண்டே டிசம்பர் 8-ந் தேதி, தாண்டவராய பிள்ளை மைசூர் மன்னர் ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை தந்து உதவ வேண்டும் என்று கேட்டார். கணவர் இறந்து ஆறு மாதம் முடியவில்லை. அதற்குள் படை கேட்டுக் கடிதம்!

பதில் உடனே கைகூடவில்லை. அதற்குள் இன்னொரு அடி விழுந்தது. வலது கை போல இருந்த தாண்டவராய பிள்ளை, முதுமையில் கண்ணை மூடினார். எழுதத் தெரிந்த கை போயிற்று; யோசனை சொல்லும் வாயும் போயிற்று.

ராணி தாமே ஐதர் அலியைப் பார்த்தார். அவரோடு உருதுவில் பேசினார் என்றும், ஐதர் வியந்து போனார் என்றும் சொல்வார்கள். இளமையில் கற்றது இங்கே உதவியது. ஆனாலும் ஐதர் உடனே படையை அனுப்ப முடியவில்லை. அவருக்கு மராட்டியரோடு சண்டை. வடக்கே அவர் கை கட்டுண்டிருந்தது. அடுத்தவர் போர் முடியும்வரை ராணி காத்திருக்க வேண்டியதாயிற்று.

சும்மா காத்திருக்கவில்லை. சீமையில் இருந்து தப்பி வந்தவர்களைச் சேர்த்தார். மருது சகோதரர்கள் ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். பெண்களுக்கும் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. உயிர் கொடுத்த உடையாள் பெயரையே பெண்கள் படைக்கு வைத்தார்கள் என்பார்கள்.

நேரம் வந்தது

1780-ம் ஆண்டு ஜூலை மாதம் ஐதர் அலி பெரும்படையோடு மலைக் கணவாய்களில் இறங்கி, ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். நவாபும் கும்பினியாரும் வடக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தெற்கே அவர்கள் பிடி தளர்ந்தது. இந்த நாளுக்காகத்தானே எட்டு ஆண்டு!

ஐதர் தந்த படை ஒரு பக்கம், மருதுவின் வீரர்கள் ஒரு பக்கம். சிவகங்கைச் சீமை மீண்டது. விஜயதசமி அன்று கோவிலுக்குப் போகும் பெண்களோடு பெண்களாகப் படை உள்ளே நுழைந்தது. குயிலி என்ற பெண் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்பது மக்கள் வாய்மொழியாகக் காத்து வரும் வரலாறு.

உடன்கட்டை ஏறாமல் உயிர் வைத்திருந்த ராணி, 50 வயதில் தம் அரண்மனைக்குத் திரும்பினார்.

கடைசி நாட்கள்

பெரிய மருதுவைத் தளபதியாகவும், சின்ன மருதுவை அமைச்சராகவும் வைத்து ராணி ஆட்சி நடத்தினார். நிம்மதியான ஆட்சி என்று சொல்ல முடியாது. 1783-ல் புல்லார்ட்டன் தலைமையில் கும்பினிப் படை மீண்டும் வந்தது. பணம் கட்ட ஒப்புக்கொண்டுதான் சீமையைக் காக்க முடிந்தது. பிறகு ஆட்சிப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறர் கையில் விட்டார். உடலும் நலிந்தது. 1796-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, 66-ம் வயதில் வேலு நாச்சியார் காலமானார்.

அவருக்குத் துணை நின்றவர்களின் முடிவு அப்படி அமையவில்லை. 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கும்பினியார் தூக்கில் போட்டார்கள். அடைக்கலம் தந்த விருப்பாட்சி கோபால நாயக்கரையும் அதே ஆண்டில் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அங்கே இருக்கும் குளத்துக்குக் கோபாலசமுத்திரம் என்று பெயர்.

2008-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, இந்திய அரசு வேலு நாச்சியாரின் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. சிவகங்கையில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. குயிலிக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி இருக்கிறார்கள்.