முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்த ராக்கெட்

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆபர்ன் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1926-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி அந்த ஊர்ப் பண்ணை ஒன்றில் நாலு பேர் கூடினார்கள். தரையில் பனி உறைந்து கிடந்தது. வந்தவர்களில் ஒருவர் சர்வகலாசாலைப் பேராசிரியர். இன்னொருவர் அவருடைய மனைவி. மூன்றாவது ஆள் பட்டறை மிஸ்திரி. நாலாமவர் ஓர் உதவிப் பேராசிரியர்.

அவர்களுக்கு எதிரே குழாய்களால் ஆன ஒரு சட்டம் நின்றது. சட்டத்துக்குள் சுமார் பத்து அடி உயரத்தில் ஒரு பொருள் இருந்தது. பார்ப்பதற்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கும். மேலே ஒரு சிறிய இயந்திரம், கீழே இரண்டு தொட்டிகள், இரண்டையும் இணைக்கும் மெல்லிய குழாய்கள். அவ்வளவுதான். ஒரு தொட்டியில் பெட்ரோல். மற்றொன்றில் திரவமாக்கிய பிராணவாயு. அதன் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி!

மிஸ்திரி நீண்ட கழியின் நுனியில் ஊதுவிளக்கைக் கட்டி, எட்ட நின்று தீ மூட்டினார். ஒரே உறுமல். ஆனால் ராக்கெட் நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்லக் கிளம்பியது. கிளம்பியதும் வேகம் பிடித்தது. 41 அடி உயரம் எழும்பி, 184 அடி தூரம் பாய்ந்து, முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்து நொறுங்கியது. இரண்டரை வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைப் படம் பிடிக்க மனைவி ஒரு சினிமா காமிரா வைத்திருந்தார். ஒரு தடவை சாவி முறுக்கினால் ஏழு வினாடிதான் ஓடும். ராக்கெட் உறுமிக்கொண்டு நின்றபோதே சாவி தீர்ந்துபோயிற்று. ஆகவே அது பறந்த காட்சி படத்தில் இல்லை.

திரவ எரிபொருளைக் கொண்டு உலகில் முதன் முதலாகப் பறந்த ராக்கெட் அதுதான். அதைக் கட்டியவர் பெயர் ராபர்ட் காடர்டு.

தாயாரின் எச்சரிக்கை

காடர்டு 1882-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி வூஸ்டர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே நோஞ்சான். அடிக்கடி காய்ச்சலில் படுத்ததால் பள்ளிப் படிப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்.

உடம்புதான் படுத்தது. மூளை படுக்கவில்லை. தரை விரிப்பில் காலைத் தேய்த்தால் மின்சாரம் உண்டாகும் என்று ஒருநாள் தெரிந்துகொண்டான் சிறுவன். பாட்டரியிலிருந்து எடுத்த துத்தநாகத்தைக் காலில் பூசிக்கொண்டு தேய்த்தால் உயரமாகக் குதிக்கலாம் என்று நினைத்தான். குதித்தும் பார்த்தான். தாயார் பார்த்தார். அது பலித்துவிட்டால் நீ பறந்து போய்விடுவாய், திரும்பி வர முடியாது என்று எச்சரித்தார். பையன் பயந்து அந்தச் சோதனையை அன்றோடு நிறுத்திவிட்டான்!

பதினாறாவது வயதில் அலுமினியத் தகட்டில் ஒரு பலூன் செய்தார். பல வாரம் பாடுபட்டார். கனம் அதிகம். பலூன் கிளம்பவில்லை. கிளம்பவில்லை என்பதை அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். வெற்றியைப் போலவே தோல்வியையும் எழுதி வைக்கும் அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

1899-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, பட்டுப்போன கிளைகளை வெட்டுவதற்காக வீட்டுக்குப் பின்புறம் இருந்த செர்ரி மரத்தில் ஏறினார். அப்போது வயது பதினேழு. மேலே உட்கார்ந்து எதிரே இருந்த வெளியைப் பார்த்தபோது ஓர் எண்ணம் பிறந்தது. செவ்வாய் மண்டலத்துக்குப் போகக்கூடிய ஓர் இயந்திரத்தைச் செய்ய முடியுமானால் எப்படி இருக்கும்? மரத்திலிருந்து இறங்கியபோது தாம் வேறு ஆளாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. ஆண்டுதோறும் அந்தத் தேதியை அவர் தமக்குள்ளே ஒரு திருநாளாகக் கொண்டாடினார். 1938-ல் அடித்த பெரும் புயலில் அந்த மரம் சாய்ந்தது. அதையும் குறித்து வைத்தார்.

இரண்டு வாரம் கெடு

வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது, 1907-ல், கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒரு வெடிமருந்து ராக்கெட்டைக் கொளுத்திப் பார்த்தார். கட்டிடம் எங்கும் புகை. நல்ல வேளையாகக் கல்லூரியார் அவரை வெளியே அனுப்பவில்லை. 1908-ல் பட்டம் பெற்றார். 1911-ல் கிளார்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அதன் பிறகு பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி. பகலில் மின்சார ஆராய்ச்சி, இரவில் ராக்கெட் கணக்கு. உடம்பு தாங்குமா? 1913-ல் காசநோய் பற்றியது. இரண்டு வாரம் உயிரோடு இருந்தால் அதிகம் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

அவர் சாகவில்லை. படுக்கையில் இருந்தபடியே தம் குறிப்புகளை ஒழுங்கு செய்தார். பேடண்டு உரிமைக்கு விண்ணப்பம் எழுதினார். 1914 ஜூலையில் இரண்டு பேடண்டுகள் கிடைத்தன. ஒன்று, திரவ எரிபொருளால் ஓடும் ராக்கெட். மற்றொன்று, அடுக்கு ராக்கெட். கீழ் அடுக்கு எரிந்து தீர்ந்ததும் கழன்று விழும். மேல் அடுக்கு தன் வழியே போகும். பிற்காலத்தில் சந்திரனுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டில் இந்த இரண்டு முறைகளும் கையாளப்பட்டன.

பத்திரிகையின் கேலி

ராக்கெட் எப்படிப் பறக்கிறது? துப்பாக்கி சுட்டால் குண்டு முன்னே போகிறது, கட்டை பின்னே தோளில் உதைக்கிறது அல்லவா? அதே தத்துவம்தான். வாயு கீழே பாய்கிறது, ராக்கெட் மேலே உதைபடுகிறது. பின்னால் காற்று இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. காடர்டு காற்றை அகற்றிய குழாய்க்குள் ராக்கெட்டைக் கொளுத்தி இதை நிரூபித்தார்.

வாணத்தில் உள்ள வெடிமருந்தின் சக்தியில் சுமார் 2 சதவீதம்தான் பயன்படுகிறது என்றும் கண்டுபிடித்தார். நீராவி இயந்திரங்களில் பயன்பட்ட ஒருவகை மூக்குக்குழாயை ராக்கெட்டின் அடியில் பொருத்தினார். நடுவில் குறுகி, பிறகு விரியும் குழாய் அது. பயன் 40 சதவீதமாக உயர்ந்தது!

1917-ல் ஸ்மித்சோனியன் ஸ்தாபனம் 5,000 டாலர் உதவியது. அடுத்த ஆண்டு, முதல் உலக யுத்தத்தின் கடைசி நாட்களில், கையில் ஏந்திச் சுடும் ராக்கெட்டை ராணுவத்துக்குச் செய்து காட்டினார். குழாயைத் தாங்குவதற்கு அவர் வைத்தது, சங்கீத வித்துவான்கள் தாள் வைத்துக்கொள்ளும் தாங்கி! சில நாளில் யுத்தம் நின்றது. ராக்கெட்டும் மறக்கப்பட்டது. இரண்டாவது யுத்தத்தில் டாங்கிகளை அடித்த பசூக்கா, அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஆயுதமே.

ராக்கெட்டைப் பற்றி அவர் எழுதிய நூலை ஸ்மித்சோனியன் ஸ்தாபனம் வெளியிட்டது. சந்திரன் வரை ராக்கெட் போகலாம் என்று அதில் ஓரிடத்தில் கணக்குப் போட்டிருந்தார். அந்த ஓரிடம் போதாதா? 1920 ஜனவரி 13-ந் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தலையங்கத்தில் கேலி செய்தது. காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும், பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்பது அதன் கருத்து.

காடர்டு மிகவும் புண்பட்டார். அதன் பிறகு ஆராய்ச்சியை வெளியே சொல்வதைக் குறைத்துக்கொண்டார். அது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பின்னாளில் கலிபோர்னியாவிலிருந்து இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் தேடி வந்தபோதுகூடத் தம் ராக்கெட்டின் அமைப்பை முழுதாகக் காட்டவில்லை. இதனால் அவருக்கும் நஷ்டம், மற்றவர்களுக்கும் நஷ்டம். அவர் கண்டதையே அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க நேர்ந்தது.

பாலைவனத்தில் பட்டறை

1924-ல் எஸ்தர் கிஸ்க் என்ற பெண்ணை மணந்தார். கிளார்க் சர்வகலாசாலைத் தலைவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் எஸ்தர். கணவரின் குறிப்புகளை டைப் அடித்தார். படம் பிடித்தார். ராக்கெட்டுக்கு வேண்டிய பாராசூட்டுகளைத் தம் கையாலேயே தைத்தார். ராக்கெட் விழுந்து புல் பற்றிக்கொண்டால் ஓடிப்போய் அணைப்பதும் அவர்தான்.

1929 ஜூலையில் காற்றழுத்தமானி, வெப்பமானி, காமிரா மூன்றையும் வைத்து ஒரு ராக்கெட் விட்டார். போட்ட சத்தத்தில் ஆகாய விமானம் விழுந்துவிட்டது என்று ஊரார் எண்ணினார்கள். போலீசார் ஓடிவந்தார்கள். ஆம்புலன்சும் வந்தது. சந்திரனுக்குக் குறி வைத்த ராக்கெட் 2 லட்சத்து 38 ஆயிரம் மைல் தவறிவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகை கிண்டல் செய்தது. மாநிலத் தீயணைப்பு அதிகாரி அங்கே ராக்கெட் விடக்கூடாது என்று தடை போட்டார்.

அந்தச் சத்தம் ஒரு நன்மையும் செய்தது. அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாகத் தாண்டிய விமானி லிண்ட்பர்க் அந்தச் செய்தியைப் படித்தார். நேரில் வந்து பார்த்தார். கோடீசுவரர் டேனியல் குகன்ஹைமிடம் எடுத்துச் சொன்னார். 50,000 டாலர் கிடைத்தது. 1930-ல் காடர்டு தம்பதி நியூ மெக்சிகோவில் உள்ள ராஸ்வெல் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். வெட்டவெளி. அக்கம்பக்கம் யாரும் இல்லை. எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்பாரில்லை.

ராக்கெட்டின் உறுப்புகள் ஒவ்வொன்றாக ஒழுங்குக்கு வந்தன. முதல் ராக்கெட்டில் இயந்திரத்தை மேலே வைத்திருந்தார். மேலிருந்து இழுத்தால் வண்டி நேராகப் போகும் என்பது அவர் எண்ணம். அது சரியல்ல என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தது. இயந்திரம் அடியில் போயிற்று. நேராகப் போவதற்குச் சுழலும் பம்பரம் போன்ற ஜைராஸ்கோப் வந்தது. பத்திரமாக இறங்கப் பாராசூட் வந்தது. 1935 மார்ச் 28-ந் தேதி ஜைராஸ்கோப் வைத்த ராக்கெட் 4,800 அடி எழும்பியது. 1937-ல் ஒரு ராக்கெட் 8,000 அடியைத் தாண்டியது. 1926 முதல் 1941 வரை 34 ராக்கெட்டுகள் பறந்தன. பறக்க மறுத்தவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

பிள்ளைகளின் அட்டை ராக்கெட்

இன்று வெளிநாடுகளில் பிள்ளைகள் கடையில் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். அதற்குள் அட்டைக்குழாய், மூக்குக்கூம்பு, மெல்லிய பால்சா மரத்தில் வால் சிறகுகள், பாராசூட் எல்லாம் இருக்கும். பசை போட்டு ஒட்டி ராக்கெட் செய்கிறார்கள்.

வேலை சுலபம்போல் தோன்றும். ஆனால் பொறுமை வேண்டும். சிறகு ஒன்று கோணலாக ஒட்டினாலும் ராக்கெட் வளைந்து போகும். மர வரி சரியான பக்கம் இல்லாவிட்டால் சிறகு ஒடியும். பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்தால் காற்றின் தடை குறையும், உயரம் கூடும். மூக்குப் பக்கம் கனம் குறைந்தால் நடுவானில் குட்டிக்கரணம் போடும். மோட்டாரின் அடியில் ஒரு சிறிய மூக்குக்குழாய் இருக்கும். உச்சிக்குப் போனதும் பாராசூட் விரியும். காடர்டுக்கு இப்படி ஒரு பெட்டி கிடைக்கவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை ராக்கெட் விழுந்து விழுந்துதான் தெரிந்துகொண்டார்.

இந்த விளையாட்டு பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்ட காலத்தில் அமெரிக்கப் பையன்கள் வீட்டிலேயே வெடிமருந்து கலந்து ராக்கெட் செய்து, கை கால்களில் காயப்பட்டார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், மருந்தை முன்கூட்டியே அடைத்த மோட்டார் வைத்து ஓர் அட்டை ராக்கெட் செய்திருந்தார். பையன் மருந்தைத் தொடவே வேண்டாம். ராக்கெட் என்ஜினியர் ஹாரி ஸ்டைனுக்கு அதை அனுப்பினார். இருவருமாக அதைப் பரப்பினார்கள்.

பின்னால் வந்த பெருமை

இரண்டாவது உலக யுத்தத்தில் காடர்டு கடற்படைக்காக, விமானங்கள் சீக்கிரம் கிளம்ப உதவும் ராக்கெட்டுகளைச் செய்தார். 1945-ல் ஜெர்மானியரின் வி-2 ராக்கெட்டின் பாகங்களைப் பார்த்தார். தாம் பாலைவனத்தில் செய்ததன் சாயல் அதில் தெரிந்தது. தாம் ஆயிரம் அடிகளில் அளந்த தூரத்தை அவர்கள் நூற்றுக்கணக்கான மைல்களில் அளந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, தொண்டைப் புற்றுநோயால் பால்டிமோரில் காலமானார். வயது 62.

எஸ்தர் ஓயவில்லை. கணவரின் நோட்டுப் புத்தகங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, டைப் அடித்து, மேலும் 131 பேடண்டுகள் வாங்கினார். மொத்தம் 214. அமெரிக்க சர்க்கார் 1960-ல் அந்த உரிமைகளுக்காக எஸ்தருக்கும் குகன்ஹைம் நிதிக்கும் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. விண்வெளி ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கும் காடர்டு பெயர் சூட்டப்பட்டது.

1969 ஜூலை 16-ந் தேதி அப்போலோ-11 சந்திரனுக்குப் புறப்பட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கத்தின் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. 49 ஆண்டு கழித்து வந்த அந்தத் திருத்தத்தைப் படிக்கக் காடர்டு இல்லை. எஸ்தர் இருந்தார்.

ஆபர்ன் பண்ணை பிற்பாடு கோல்ப் மைதானம் ஆயிற்று. ராக்கெட் புறப்பட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். கல் நிற்கும் இடத்திலிருந்து முட்டைக்கோஸ் தோட்டம் இருந்த இடத்துக்குச் சிறு பிள்ளைகூட ஒரு நிமிஷத்தில் நடந்துவிடலாம்.