சுபேதார் இராம்ஜி சக்பால்

அண்ணல் அம்பேத்கரின் புகழை மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். அவருக்கு முதல் ஆசானாக விளங்கிய தந்தையாரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. கல்விப் பணிக்கெனத் தோன்றிய நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அப்பெரியாரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது நம் கடனாகும்.

கொங்கணப் பகுதியைச் சேர்ந்த அம்படவே என்னும் சிற்றூரே இராம்ஜி அவர்களின் பூர்வீகம். மகர் குலத்தவரான இவர்தம் தந்தையார் மாலோஜியும் படைவீரரே. ஊர்ப் பள்ளிகள் நம்மவர்க்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில், படையினர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் படைப் பள்ளிகள் கல்வி அளித்தன. அவ்வழியே கற்ற இராம்ஜி, படைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கிச் சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். மோவ் படைநகரில் 1891 ஏப்ரல் 14 அன்று, இவருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காம் மகவாக அண்ணல் பிறந்தார்.

அதன்பின் சிறிது காலத்திலேயே மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. தம்மை உயர்த்திய ஏணி தம் மக்களுக்கு இல்லை என்றாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. சாதாராவில் குடியேறி, 1900 நவம்பர் 7 அன்று மகனை அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். பஞ்ச நிவாரண ஏரி வேலையில் காசாளராக வெளியூரில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார்.

1904இல் பம்பாய்க்கு வந்தபோது பரேலில் கிடைத்தது ஒரே அறை. மகன் உறங்கும்போது தாம் விழித்திருப்பார். பின்னிரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்கச் செய்வார். இரு பிள்ளைகளையும் படிக்கவைக்க வருவாய் போதாமையால் மூத்தவர் ஆனந்தராவ் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். இளையவர் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமான புதல்வியரிடம் நகைகளை இரவல் பெற்று அடகு வைப்பார்; ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறியதையும், அடுத்துப் பட்டம் பெற்றதையும் அவர் கண்ணாரக் கண்டார். 1913 பிப்ரவரி 2 அன்று இயற்கை எய்தினார். அவ்வாண்டிலேயே மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கடல் கடந்தார். அதைக் காணத் தந்தை இல்லை.

ஒருவர் கற்றதற்குப் பின்னே தந்தையின் தூக்கமும், தமையனின் படிப்பும், தமக்கையரின் நகையும் இருந்தன. நம் இல்லங்களிலும் அத்தகையோர் உளர். பட்டம் பெற்று வெளிவரும் நம் மாணவர்கள், தமக்காகப் பள்ளியை விட்டவர் எவர் என்பதை மறவாதிருப்பாராக. அக்கடனை அடுத்த பிள்ளையைப் படிக்கவைத்துத் தீர்ப்பாராக.