வீதியும் பள்ளியும்: அய்யன்காளி நடத்திய ஒரே போராட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் பொதுச்சாலை என்பது பெயரளவில்தான் பொதுவாக இருந்தது. அச்சாலைகளில் புலையரும் பறையரும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் தடையின்றி நடக்க இயலாது. எதிரே ஆதிக்க சாதியினர் வந்தால் சாலையை விட்டு வயலில் இறங்கி, விதிக்கப்பட்ட தொலைவில் நிற்க வேண்டும். இச்சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863 ஆகஸ்ட் 28 அன்று புலையர் குடும்பமொன்றில் பிறந்தவர் அய்யன்காளி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நிலமே. ஆகவே அவருடைய வரலாறு நமக்கு அயல்நாட்டு வரலாறு அன்று.

அவருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. பள்ளிக்கூடம் அவருடைய தலைமுறைக்குத் திறந்திருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் அவருடைய முதல் போராட்டம் பள்ளிக்காக அன்று, வீதிக்காகத் தொடங்கியது. 1893இல் அவர் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வில்வண்டியில் அமர்ந்து செல்வது ஆதிக்க சாதியினரின் தனியுரிமையாகக் கருதப்பட்ட காலம் அது. நல்லாடை உடுத்தித் தலைப்பாகை கட்டி, மாடுகளின் கழுத்துமணி ஒலிக்க அவர் பொதுச்சாலையில் சென்றார். வழிமறித்தவர்களை எதிர்த்து நின்றார். பின்னர்த் தம் தோழர்களைத் திரட்டிக்கொண்டு கால்நடையாகச் சந்தைக்குப் புறப்பட்டபோது, பாலராமபுரத்தின் சாலியர் தெருவில் பெருமோதல் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் பலர் காயமுற்றனர். அதன் அதிர்வு அண்டை ஊர்களுக்கும் பரவியது.

அடுத்த இலக்கு கல்வி. 1904இல் வெங்ஙானூரில் தம் மக்களே நடத்தும் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். அப்பள்ளி எதிரிகளால் அழிக்கப்பட்டது, மீண்டும் கட்டப்பட்டது. அங்குக் கற்பிக்க முன்வந்த ஆசிரியரைப் பாதுகாப்போடு அழைத்துவந்து, பாதுகாப்போடு திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பாதுகாப்பற்ற வீதியின் முடிவில் பள்ளி இருந்தும் பயனில்லை என்பதை இந்த அனுபவம் உணர்த்தியது. அவருடைய இரு போராட்டங்களும் ஒன்றாக இணைந்த இடம் இதுவே.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் உருவானது. ஒடுக்கப்பட்ட குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ள அரசு அனுமதித்த பின்னும், உள்ளூர் அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் அவ்வாணையை மதிக்கவில்லை. அப்போது அய்யன்காளி கையிலெடுத்த கருவி உழைப்பு. குழந்தைகளுக்குப் பள்ளி இல்லையெனில் நிலத்தில் வேலையும் இல்லை என்று விவசாயத் தொழிலாளர்கள் விலகி நின்றனர். வயல்கள் தரிசாகிக் களை மண்டின. பட்டினியும் அடியும் வந்தபோதும் அவர்கள் பணியவில்லை. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை தந்து அவர்களைத் தாங்கிப் பிடித்தனர். இறுதியில் அரசு, நீதிபதி கண்டலா நாகம்பிள்ளையை நடுவராக அமர்த்தியது. கூலி உயர்வு, பள்ளி அனுமதி, நடமாடும் உரிமை ஆகிய கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. கூலிக்காக மட்டுமன்றிக் குழந்தைகளின் படிப்புக்காகவும் உழவர்கள் வேலையை நிறுத்திய இந்நிகழ்வு இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை.

உடன்பாடு ஏற்பட்டதாலேயே கதவு திறந்துவிடவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளியில் பூசாரி அய்யனின் மகள் பஞ்சமியைச் சேர்க்க அய்யன்காளி நேரில் அழைத்துச் சென்றார். சிறுமி அமர்ந்த பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. கலவரம் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது.

இதற்கிடையே 1911இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சுபாஷிணி இதழின் ஆசிரியர் பி.கே. கோவிந்தப்பிள்ளை, புலையர்களுக்குச் சபையில் அவர்களுள் ஒருவரே பேச வேண்டும் என்று முன்னர் வலியுறுத்தியிருந்தார். பள்ளியில் கால் வைக்க இயலாதவர் அச்சபையில் இடம்பெற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு இருந்தார். அங்கு அவர் வைத்த கோரிக்கைகளின் வரிசை கவனத்துக்குரியது. நிலமற்றோர்க்குப் புறம்போக்கு நிலம், மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை, படித்தவர்களுக்கு அரசுப் பணி என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பள்ளிக் கதவைத் திறக்கும் ஆணை மட்டும் போதாது. கட்டணம் செலுத்த இயலாத குழந்தைக்கு அக்கதவு மூடியதற்குச் சமம் என்பதை அவர் புரிந்திருந்தார். அனுமதியைக் கேட்டவர் அத்துடன் நிற்காமல் நிதியையும் கேட்டார்.

1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அடுத்த ஆண்டு காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, முதுமையுற்றிருந்த அய்யன்காளி அவரிடம் தெரிவித்த விருப்பம் ஆலயம் பற்றியது அன்று. தாம் கண்மூடுமுன் தம் சமுதாயத்தில் பத்துப் பேரேனும் பட்டதாரிகளாக வேண்டும் என்பதே அது. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

ஊரூட்டம்பலத்தில் எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அப்பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. நினைவிடங்கள் தேவையே. ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் முன் வைக்கும் கேள்விகள் நிர்வாகம் சார்ந்தவை. சேரியிலிருந்து பள்ளி வரையுள்ள பாதை குழந்தைக்குப் பாதுகாப்பானதா? ஒதுக்கப்பட்ட நிதி அக்குழந்தையைச் சென்றடைகிறதா? ஆணை பிறப்பித்தவர்கள் அதை நிறைவேற்றாத அதிகாரியை என்ன செய்தார்கள்? உள்ளாட்சி அவைகளில் நாம் எழுந்து நின்று கேட்க வேண்டியவை இவையே. பதில் கிடைக்காதபோது எதைத் திரும்பப் பெறுவது என்பதையும் வெங்ஙானூரின் உழவர்கள் தங்கள் தரிசு வயல்களால் காட்டிச் சென்றுள்ளனர்.