களிம்பு போடும் முன் கழுவுங்கள்: டாக்டர் லிஸ்டரின் கதை



போன வருடத்துக்கு முந்தைய ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டம் பார்க்க வழக்கம்போல் செருப்பில்லாமல் நடந்தேன். கூட்டத்தில் ஏதோ தகரத் துண்டு வலது கால் பெருவிரலுக்கு அடியில் கிழித்துவிட்டது. வீட்டுக்கு வந்து துண்டால் காலைத் துடைத்துவிட்டு, அலமாரியில் இருந்த களிம்பை அள்ளி அப்பினேன். ஐந்து நாள் இதே வைத்தியம். பழைய களிம்பின் மேலேயே புதுக் களிம்பு. எனக்குப் பதினாலு வருடமாகச் சர்க்கரை வேறு. ஆறாம் நாள் விரல் வீங்கிக் கறுத்துவிட்டது. டாக்டர் புண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளே தேரடி மண் அப்படியே இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா என்று. என்னிடம் பதில் இல்லை. விரல் தப்பியது பெருமாள் புண்ணியம். ஆனால் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

அப்போதுதான் ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டரைப் பற்றிப் படித்தேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இவர் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

லிஸ்டர் 1827 ஏப்ரல் 5-ஆம் தேதி லண்டனுக்கு அருகே அப்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. ஓய்வு நேரத்தில் நுண்ணோக்கியின் லென்ஸை மேம்படுத்தி விஞ்ஞானிகளிடையே பெயர் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. லண்டனில் மருத்துவம் படித்து, எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் வேலை கற்று, 1856-இல் அவர் மகள் ஆக்னஸைத் திருமணம் செய்துகொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதி வைத்தது பெரும்பாலும் ஆக்னஸ்தான்.

1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். மயக்க மருந்து வந்துவிட்டது, அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடியும். ஆனால் நாலு நாளில் புண் சீழ் பிடித்து நோயாளி இறந்துவிடுவார். கெட்ட காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். டாக்டர்கள் ரத்தக்கறை படிந்த கோட்டோடு, கையைக்கூடக் கழுவாமல் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான், பொருட்கள் அழுகுவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் கண்டுபிடித்ததை ஒரு வேதியியல் பேராசிரியர் லிஸ்டரிடம் சொன்னார். புண் அழுகுவதும் இதனால்தானே என்று லிஸ்டருக்குப் பொறி தட்டியது. பாலைக் காய்ச்சிக் கிருமியைக் கொல்லலாம். காலைக் காய்ச்ச முடியுமா? ஆகவே ஒரு மருந்து தேவைப்பட்டது. கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றம் போகக் கார்பாலிக் அமிலம் ஊற்றுவதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அதையே எடுத்தார். அதன் வாசனை பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பு தேய்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1865 ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து தோலும் கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் இப்படி ஆனால் பெரும்பாலும் காலையே எடுத்துவிடுவார்கள். லிஸ்டர் புண்ணில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். நாலு நாள் கழித்துத் திறந்தால் சீழே இல்லை. ஆனால் அமிலத்தின் காரத்தில் தோல் சிவந்து எரிச்சல் கண்டிருந்தது. உடனே அமிலத்தைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கலந்து வீரியத்தைக் குறைத்தார். ஆறு வாரத்தில் பையன் தன் இரண்டு காலோடும் வீட்டுக்குப் போனான்.

வங்கிக்காரன் என்பதால் எனக்குக் கணக்குப் பிடிக்கும். லிஸ்டரும் கணக்கு வைத்திருந்தார். இந்த முறை வருமுன் அவர் கை கால் எடுத்த 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். வந்த பிறகு 40 பேரில் 6 பேர். நூற்றுக்கு 46 என்பது 15 ஆகக் குறைந்தது.

லிஸ்டர் ஒரு களிம்பும் செய்தார். கார்பாலிக் அமிலத்தை ஆளிவிதை எண்ணெயில் கலந்து, சாக்குத் தூள் சேர்த்துப் பிசைந்து, ஜன்னல் கண்ணாடி பதிக்கிற மக்கு மாதிரி ஆக்கிப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார். பிறகு மருந்தேற்றிய காஸ் துணியை எட்டு மடிப்பாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்வது அதே வகை காஸ் துணியும் பேண்டேஜ் துணியும்தான். அந்தத் தறிக்காரர்களுக்கான கடன் பேப்பர்களை வருடக்கணக்கில் எழுதியவன் நான். அந்தத் துணி எதற்கு என்று யோசித்ததே இல்லை.

அவரைப் பெரிய மனிதராக நான் நினைப்பதற்குக் காரணம் இன்னொன்று. கிருமியைக் கொல்லும் மருந்து சதையையும் புண்ணாக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. மருந்து நேரே புண்ணில் படாமல் இருக்க நடுவே எண்ணெய் பூசிய பட்டுத் துணியை வைத்தார். அறுவைச் சிகிச்சை அறை முழுக்க அமிலத்தைத் தெளிக்கும் கருவியை 1871 முதல் பயன்படுத்தினார். கிருமி அதிகம் வருவது காற்றிலிருந்து அல்ல, கையிலிருந்தும் கருவியிலிருந்தும்தான் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். 1890-இல் பெர்லினில் உலக மருத்துவர்கள் கூடிய சபையில் எழுந்து நின்று, தான் அதைப் பரிந்துரைத்ததற்காக வருந்துவதாகவும் சொன்னார். தன் தவறைத் தானே பேரேட்டில் திருத்தி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

1893-இல் ஆக்னஸ் இறந்தார். 1897-இல் லிஸ்டருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. 1912 பிப்ரவரி 10-ஆம் தேதி, 84 வயதில் காலமானார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். என் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

காயம் பட்டால் முதலில் உங்கள் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் குழாய்த் தண்ணீரில் மண் போகும்வரை புண்ணைக் கழுவுங்கள். அதன் பிறகே களிம்பு. அதுவும் மெல்லிய பூச்சாக. மேலே காஸ் துணி வைத்துக் கட்டி, தினமும் மாற்றுங்கள். டியூபின் வாய் புண்ணில் படக்கூடாது.

டெட்டால் போன்ற திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள். கிரீன்லீஸ் பையனின் தோல் சிவந்த கதை அதுதான். பொவிடோன் அயோடின் களிம்பு வைத்திருந்தால், தைராய்டு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கைக்குழந்தைக்குப் போட நினைப்பவர்கள் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். படை, அரிப்புக்கு வாங்கிய களிம்பைப் புண்ணுக்குப் போடவே கூடாது.

சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். காப்பித்தூள், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஆழமான காயம், ஆணி குத்தியது என்றால் களிம்பை நம்பாமல் டி.டி. ஊசிக்குப் போங்கள். நாய் கடித்தால், அது நம் ஊர்ப் பெயர் பெற்ற ராஜபாளையம் நாயானாலும் சரி, தெருநாயானாலும் சரி, 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, கட்டுப் போடாமல் அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். என்னைப்போல் சர்க்கரை உள்ளவர்கள் காலில் சின்னக் கீறல் என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

போன வாரம் வாட்ச்மேன் அறை முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த களிம்பின் காலாவதி 2021-இல் முடிந்திருந்தது. காஸ் துணி இல்லை, சோப்பும் இல்லை. செயலாளரிடம் சொல்லிவிட்டேன், மாற்றுகிறேன் என்றிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தேதி முடிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சோப்பையும் ஒரு கட்டு காஸ் துணியையும் வாங்கி வையுங்கள். துணி நம் பக்கத்து ஊரில் நெய்ததாகவே இருக்கலாம்.