பேரலை வரைந்த கிழவர்

ஜப்பானில் 2024-ம் ஆண்டு வெளியான 1,000 யென் நோட்டின் பின்புறம் ஒரு பேரலைப் படம் உள்ளது. அதை வரைந்த ஹொக்குசாயின் கையில் பணம் தங்கியதே இல்லை!

இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் 1760-ல் பிறந்தார். சிறுவயதிலேயே மரப்பலகையில் படம் செதுக்கும் வேலைக்குப் போனார். 18-வது வயதில் ஷுன்ஷோ என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஒரு படத்துக்குப் பலர் உழைத்தார்கள். ஓவியர் வரைவார். இன்னொருவர் அதைப் பலகையில் செதுக்குவார். வேறொருவர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை வைத்துக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார். பதிப்பாளர் முதல் போடுவார். ஒரே படம் பல நூறு பிரதிகள் வந்ததால் விலை குறைந்தது. மாளிகைகளில் இருந்த ஓவியம் சாமானியர் வீட்டுக்கும் வந்தது.

ஹொக்குசாய்க்கு வறுமை தீரவில்லை. பேரன் வைத்த கடனும் அவர் தலையில் விழுந்தது. வாழ்நாளில் 93 முறை வீடு மாறினார் என்பார்கள். பெயரையும் ஏறத்தாழ 30 முறை மாற்றிக்கொண்டார். தூரிகையை மட்டும் விடவில்லை. மகள் ஓயியும் ஓவியர். கடைசிவரை தந்தைக்குத் துணையாக இருந்தார்.

70 வயதை ஒட்டி, ஃபூஜி மலையின் 36 காட்சிகளை வரையத் தொடங்கினார். விற்பனை பெருகவே மேலும் 10 படங்கள் சேர்ந்தன. பேரலை அவற்றில் ஒன்று.

அந்தப் படத்தில் அலையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் கீழே 3 படகுகள் இருக்கின்றன. எடோ சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வகைப் படகுகள் அவை. துடுப்புப் போடுகிறவர்கள் குனிந்து படகோடு ஒட்டிக் கிடக்கிறார்கள். தூரத்தில் சின்னஞ்சிறிதாக ஃபூஜி. அது ஜப்பானியரின் புனித மலை. அலை ஒரு நொடியில் உடைந்துவிடும்; மலை அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே மனிதன் பிழைப்புக்காகப் போராடுகிறான்.

மற்றொரு படத்தில், அடிப்பாகம் இல்லாத பெரிய மரப் பீப்பாய்க்குள் நின்று ஒரு தொழிலாளி இழைக்கிறார். அந்த வட்டத்துக்குள் மலை சிறு முக்கோணமாகத் தெரிகிறது. வேறொன்றில் மரம் அறுப்பவர்கள். மலையை வரைய வந்தவர் உழைப்பாளிகளை முன்னால் நிறுத்தினார்.

70 வயதுக்கு முன் தாம் வரைந்தவை பெரிதல்ல என்று அவரே எழுதினார். 1839-ல் வீடு தீப்பிடித்து, சேர்த்து வைத்த படங்கள் எரிந்து போயின. அப்போது வயது 79. மறுபடியும் வரைய உட்கார்ந்தார்.

1849-ல் காலமானார். இன்னும் 5 ஆண்டுகள் கிடைத்தால் உண்மையான ஓவியனாகிவிடலாம் என்பதே மரணப்படுக்கையில் அவரது ஏக்கமாக இருந்ததாம்.