இரண்டு தமிழுக்கு இரண்டு இலக்கணம்

வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே தமிழுலகம் பெரிதும் நினைவுகூர்கின்றது. இரண்டாம் மொழியை எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவுக்கு அவர் தந்த விடை போதிய கவனம் பெறவில்லை என்பதே எமது கருத்தாகும்.

இத்தாலியில் 1680 நவம்பர் 8 ஆம் திகதி பிறந்த பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி 1710 இல் கோவாவை வந்தடைந்தார். முப்பது வயதளவில் தமிழ் கற்கத் தொடங்கிய அவர், எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறு ஒழுங்குடையன என்பதைக் கண்டார். ஒன்றைக் கற்றவர் மற்றதையும் அறிந்தவராகார் என்பதால், ஐரோப்பியக் குருமாருக்கென இலத்தீனில் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் வகுத்தார். 1728 இல் நிறைவுற்ற கொடுந்தமிழ் இலக்கணத்தை, சமயத்துறையில் அவரோடு கடுமையாக முரண்பட்ட தரங்கம்பாடி லூத்தரன் சபையினரே 1738 இல் அச்சேற்றினர். அந்நூலின் பயனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1732 இல் சதுரகராதியைத் தொகுத்த அவர், கற்போரின் வாசிப்புப் பயிற்சிக்கெனப் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். சந்தா சாகிபைக் காண்பதற்காகப் பாரசீகமும் உருதுவும் பயின்றார் என்பது வழிவழிவந்த செய்தி. 1747 இல் கேரளத்து அம்பலக்காட்டில் காலமானார்.

அவர் கண்ட நிலையை இன்றைய மொழியியல் இரட்டை வழக்கு என்கின்றது. 1959 இல் அதனை விளக்கிய சார்ல்ஸ் பெர்குசன், அரபு மொழியை முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். திருக்குர்ஆனை ஓதக் கற்ற எமது முஸ்லிம் சகோதரர், வளைகுடா நாடுகளில் பேச்சு அரபைப் புதிதாகக் கற்க நேர்வதும் இதனாலேயே. சிங்களமும் இத்தகையதே. எழுத்துச் சிங்களத்தில் எழுவாய்க்கேற்ப வினைமுற்று மாறும். பேச்சில் பொதுவாக மாறுவதில்லை.

இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தை ஆண்டுக்கணக்கில் படித்தும், அலுவலக வாயிலில் நாலு வார்த்தை பேச நாத்தடுமாறும் நிலை கண்டாவளை போன்ற வன்னிப் பிரதேசங்களுக்குப் புதியதன்று. பிள்ளைகளின் திறமையின்மை இதற்குக் காரணமன்று. பேச்சையும் எழுத்தையும் ஒன்றாகக் குழைத்துக் கற்பித்தால் இரண்டும் கைகூடா. தென்னிலங்கையில் தமிழ் பயிலும் சிங்களப் பிள்ளைக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. முதலில் பேச்சு, பின்னர் எழுத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பாடநூல் என்ற ஒழுங்கினைப் பாடத்திட்டம் வகுப்போர் கைக்கொள்ள வேண்டும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு துறவி கண்ட வழியை நாம் இனியும் புறக்கணித்தல் தகாது.